சென்னு மாட்டிய போர்டு

ஆகஸ்ட் 5

காலையில் வந்த பொரி மூட்டை நனைந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். நமுத்த பொரியில் கிர்மிட் கலக்க முடியாது.

மிர்ச்சி பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது மாநகராட்சி லாரி வந்து நின்றது. ஏணி வைத்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடை நெற்றியில் சென்னு மாட்டிய டிஜிட்டல் போர்டைக் கழற்றினார்கள். நகர்ந்துகொண்டிருந்த எழுத்து பாதியில் அணைந்தது.

"அனுமதி வாங்காத டிஜிட்டல் போர்டு எல்லாத்தையும் இறக்கச் சொல்லி ஆர்டர்க்கா. போன மாசம் ஒரு பையன் கரண்ட் அடிச்சு செத்தான்ல, அதுலேர்ந்துதான் இந்தக் கெடுபிடி" என்றான் ஏணியில் நின்றவன்.

அந்தப் பையன் என் பையன் சென்னுதான் என்று வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

எதிரே கும்பார் காம்ப்ளெக்ஸ் மொட்டை மாடியில் அவன் உயிரை வாங்கிய பெரிய போர்டு அப்படியே நிற்கிறது. அதை இறக்கக் கிரேன் வேண்டுமாம். என்னுடையதற்கு ஏணி போதும்.

ஆகஸ்ட் 6

இன்றைக்குக் கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 8

போர்டு செய்கிற மெஹபூபிடம் வேலை பார்த்தபோது மிஞ்சிய விளக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, சென்னு அந்தப் போர்டைச் செய்தான். ஊரில் மற்ற போர்டுகளில் எழுத்து ஓடும். இதில் நடக்கும். நான் நாலாவதோடு நின்றவள், எழுதுவதும் மெதுவாகத்தான், படிப்பதும் எழுத்துக் கூட்டித்தான்.

"என்னடா, ஆமை மாதிரி நகருது? ஊர்க்காரன் நின்னு படிப்பானா?"

"ஊர்க்காரனுக்கு எண்ணெய் வாசனை போதும் அவ்வா. இது நீ படிக்க."

கிர்மிட் இருக்கு. சூடா மிர்ச்சி இருக்கு. உட்கார இடம் இருக்கு. இதெல்லாம் போன பிறகு கடைசியில் வரும்: அவ்வா, நீ சாப்பிட்டியா?

அம்மாவை நாற்சந்தியில் வைத்துக் கேட்கிறான், வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. ஆட்டோக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அந்த வரி வந்தால் போதும், "இன்னும் இல்லையாம் சென்னு! வந்து ஊட்டி விடு!" என்று கத்துவார்கள்.

ஜூலையில் கும்பார் காம்ப்ளெக்ஸ் சொந்தக்காரர் சவுக்காரின் போர்டை மாட்டப் போனான். மழை. லைனை நிறுத்தச் சொல்லி மெஹபூப் கீழே இருந்து கத்தினானாம். திறப்பு விழாவுக்கு ஆள் வந்தாச்சு, விளக்கு அணையக் கூடாது என்றார்களாம்.

அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 12

மாநகராட்சி ஆபீஸ் போனேன். அனுமதி வாங்கினால்தான் குடோனிலிருந்து போர்டு வெளியே வரும். கிளார்க் குல்கர்ணி கேட்டது: கடை லைசென்ஸ், கட்டட சொந்தக்காரர் கடிதம், டிராபிக் போலீஸ் சீட்டு, போர்டு போட்டோ.

"மாட்டினது யாரு? அவர் கையெழுத்து வேணும்."

"அவன் இல்ல சாகேப்."

"வந்தப்புறம் வாங்கிட்டு வாங்க."

தலை நிமிராமல் சொன்னார். நான் வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். பிறகு மெஹபூப் வந்து, சென்னு வேலை பார்த்த கடைக்காரன் என்று தானே கையெழுத்துப் போட்டான்.

ஆகஸ்ட் 19

போர்டு குடோனில். போட்டோவுக்கு எங்கே போவது? மெஹபூப் போனில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுத்தோம். ஓரத்தில் சென்னுவின் முழங்கை தெரிகிறது.

ஆகஸ்ட் 23

அமாவாசை. கடை கழுவி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கட்டினேன். அடுப்புக்கு, தராசுக்குக் குங்குமம் வைத்தேன். கை பழக்கத்தில் மேலே போனது. போர்டு இல்லை. ஆணிக்கு வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 2

மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போட்டோவில் கன்னட எழுத்து சட்டம் கேட்கிற அளவு தெரியவில்லையாம்! எனக்குத் தெரிந்ததே அந்த ஒரு பாஷைதான்.

அந்தப் போட்டோ ஓர் அமாவாசையன்று எடுத்தது. செவ்வந்தி மாலையைக் குறுக்கே போட்டு, எழுத்து மேலேயே குங்குமம் அப்பியிருக்கிறேன். யார் என்னை அவ்வளவு பெரிய மாலை வாங்கச் சொன்னது?

"முக்கால்வாசி பூதான் இருக்கு. கன்னடம் எங்கம்மா?"

"பூவுக்குப் பின்னாடி இருக்கு சாகேப்."

"பின்னாடி இருக்கறது எனக்குத் தெரியும். பைலுக்குத் தெரியாதே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைத்தேன் — உடையவில்லை, எல்லாம் ஸ்டீல்.

செப்டம்பர் 18

மெஹபூப் குடோன் காவலாளியைக் கெஞ்சி, போர்டுக்குப் பேட்டரி கொடுத்து, வேறு போட்டோ எடுத்து வந்தான். "எரியுதாடா?" என்றேன். "எரியுதுக்கா. உங்களைத்தான் கேக்குது" என்றான்.

செப்டம்பர் 26

அனுமதி வந்தது. நிபந்தனையோடு. நாற்சந்தியைப் பார்த்த கடை என்பதால் எழுத்து நகரக் கூடாது, நிற்க வேண்டும். கடைப் பெயரும் சரக்கும் மட்டும்தான் இருக்கலாம். கடைசி வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்.

"இது எந்தச் சரக்கும்மா?" என்றார் குல்கர்ணி.

"சரக்கு இல்ல சாகேப். என் மகன் கேக்கறது. காம்ப்ளெக்ஸ்ல செத்தான்ல, அவன்."

அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அதை எடுத்துட்டா போர்டு நாளைக்கே கிடைச்சிடும்மா" என்றார்.

செப்டம்பர் 27

மெஹபூபும் அதையே சொல்கிறான். "ஒரு வரிதானேக்கா. எடுத்துடறேன். போர்டாவது கடையில நிக்கும்." அந்த வரி இல்லாமல் அது எனக்கு எதற்கு? அப்புறம் அது எவன் கடை போர்டோ.

செப்டம்பர் 29

சவுக்கார் போர்டுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. மாலையில் சோதனைக்கு எரியவிட்டார்கள். கார், நகை, மாடி வீடு, எல்லாம் பறக்கிறது. கிர்மிட் தின்ன வந்த ஆபீஸ் பியூனைப் பிடித்துக்கொண்டேன்.

"சந்தியில நகரக் கூடாதுன்னு எனக்கு மட்டும் சட்டமாடா?"

"உன்னோடது எழுத்துக்கா. அது படம். படம் வேற கணக்கு."

அவனைத் தின்ன விடாமல் இலையைப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. காம்ப்ளெக்ஸ் போர்டுக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். சவுக்கார் ஆள் வந்தான். "விருந்தாளிங்களுக்கு உங்க கடை கிர்மிட்தான் வேணும்னுட்டாருக்கா."

"இல்லை."

"பொரி மலையா குவிஞ்சிருக்கு, இல்லைங்கறே?"

"இருக்கு. உங்களுக்கு இல்லை. எந்த இடத்துல நின்னு பூசணிக்காய் உடைச்சீங்கன்னு உன் சவுக்காரையே கேளு."

அவன் போய்விட்டான்.

அக்டோபர் 4

அனுமதித் தாளைக் குல்கர்ணி மேஜையில் திருப்பி வைத்தேன். "வீட்டுக்குள்ள மாட்டறதுக்கு அனுமதி வேணுமா சாகேப்?"

"வேண்டாம்மா" என்றார். குடோனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மெஹபூப் சமையல்கட்டில் மாவு டப்பாக்களுக்கு மேலே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். கடையில் இப்போது போர்டு கிடையாது. எதிர் போர்டின் வெளிச்சம்தான் என் எண்ணெய்ச் சட்டியில் விழுகிறது, சிவப்பாக, நீலமாக. படங்களுக்கு நடுவே அதில் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு வேகமாக எனக்குப் படிக்க வராது.

சாயங்காலமே கடையை அடைத்துவிட்டு வந்து ஸ்விட்ச் போட்டேன். கிர்மிட் இருக்கு. மிர்ச்சி இருக்கு. உட்கார இடம் இருக்கு. உட்கார்ந்தேன். கடைசி வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

இல்லடா. இன்னும் இல்லை.