சிரித்துக்கொண்டே மறுத்தேன்

1946 மார்ச் 8, வெள்ளி. மயிலாப்பூர்.

போர் முடிந்துவிட்டதால் இன்று ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். வெள்ளைக்காரத் துரை எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "விலகிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லையே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

எனக்கு முன்னால் போனவர் சுந்தரம். லஸ்ஸில் மாலை இங்கிலீஷ் வகுப்பில் என்னோடு படிப்பவர். "எனக்குச் சம்மதமில்லை, சார்" என்று நேராகச் சொன்னாராம். துரை அவரை விட்டுவிட்டார்.

அந்த இங்கிலீஷ் எனக்கும் வரும். வகுப்பில் ஒருநாள் அப்படிச் சொன்னேன். வாத்தியார் உடனே நிறுத்தினார். "பொம்மனாட்டி வாயில அது நன்னால்லேம்மா. சிரிச்சுண்டே 'பெர்ஹாப்ஸ், சார்'னு சொல்லு. இருக்கலாம்னு அர்த்தம். வேண்டாம்கறேன்னு அவாளே புரிஞ்சுப்பா." பத்துத் தடவை சொல்ல வைத்தார்.

இன்று அதையேதான் சொன்னேன். துரையும் சிரித்தார். நன்றி சொல்லி, விலகுகிறவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

வாசலில் சுந்தரம் கேட்கிறார், "ஏங்க, நீங்களாவே ஒத்துக்கிட்டீங்களாமே?"

அப்பா படுத்த படுக்கை. என் ஒருத்தி சம்பளம்தான். திங்கட்கிழமை போய் மறுபடி சொல்லலாமா? என்ன முகத்தோடு சொல்வது? ஆண்டவரே, வாயைத் திறந்தால் சிரிப்புத்தானே வருகிறது!

சாப்பிடும்போது அம்மா, "ஆபீஸ்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். சிரித்துக்கொண்டேதான்.