போட்டோவுக்கு வைத்த பூ

ஆரம்பாக்கம்
8.7.2025

கும்மிடிப்பூண்டி மகாராணி வினோதாவுக்கு உன் நைனா எழுதுவது.

நான் நலம். உன் அம்மா கோபமாக இருக்கிறாள், அதனால் அவளும் நலம்தான். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் அஞ்சாங்கிளாஸ் படிப்பைத் தூசி தட்டி எழுதி, உங்கள் கம்பெனி வேன் டிரைவர் சரவணகுமாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் பூ வைத்து முடிவு பண்ணிவிட வேண்டுமாம். பையன் நல்லவன். குரல் எப்படி என்று தெரியாது, எல்லாம் அவன் அம்மாவே பேசுகிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். நீ என்னம்மா சொல்கிறாய்?

ராஜவேலு

கும்மிடிப்பூண்டி
10.7.2025

அன்புள்ள நைனாவுக்கு,

மகாராணிக்கு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். பயிற்சி முடியப் பத்து நாள்தான் இருக்கிறது. நடுவில் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வர மாட்டேன்.

இங்கே கம்பெனி ஹாஸ்டலில் எனக்கென்று ஒரு அலமாரி, அதற்கு ஒரு சாவி. நம் வீட்டில் என் கையில் எந்தச் சாவியும் இருந்ததில்லை. இந்த ஒரு தடவை விளையாடாமல் எனக்காக அம்மாவிடம் பேசு நைனா.

வினோதா

ஆரம்பாக்கம்
14.7.2025

வினோதா,

பேசினேன். உன் அம்மா காதில் விழவில்லை. ஆறு பேர் வந்து கேசரியைக் காலி பண்ணினார்கள். "பொண்ணு எங்க? ஆடி வந்துடுமே!" என்று பையனின் அம்மா குதித்தாள்.

"போட்டோ கீதே, அதுக்கு வெச்சுடுங்க" என்றேன். செத்துப்போன உன் தாத்தா படத்துக்குப் பக்கத்து ஆணியில் உன் போட்டோவை மாட்டினேன். பொட்டு வைத்தார்கள், மல்லிகைச் சரம் போட்டார்கள். நல்ல காரியமாயிற்றே என்று நான் ரெண்டு ஊதுவத்தி ஏற்றினேன். அவ்வளவுதான்.

தயிர் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பூவம்மாள் வாசலிலேயே, "ஐயோ வினோதா! போன மாசம்கூட சிரிச்சிக்கினு போனியேடி!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. யாரோ சாமியானாவுக்குப் போன் போட்டார்கள். பையன் முதன்முதலாக வாய் திறந்து, "எம்மா, கெளம்பலாம்" என்றான். சகுனம் சரியில்லை என்று தாம்பூலத் தட்டோடு போய்விட்டார்கள்.

"ஊதுவத்தி ஏன்யா ஏத்தின?" என்று கேட்டாள் உன் அம்மா. "வாசனைக்குடி" என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

நைனா

ஆரம்பாக்கம்
16.7.2025

வினோதா கண்ணு,

உன் அம்மா இன்று காலையில் வாயைத் திறந்தாள். "பூவம்மா அழுதப்போ, எனக்கு எல்லாம் தெரிஞ்சும் ஒரு நிமிசம் நெஞ்சு நின்னுடுச்சுய்யா. எங்கனா இருக்கட்டும். இருந்தா போதும்" என்றாள். அவளே ஆணியிலிருந்து உன் போட்டோவைக் கழற்றி, பொட்டை முந்தானையால் துடைத்தாள். நான் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை, சத்தியமாக.

இந்த வேனில் உன் தலையணையையும் போர்வையையும் அனுப்புகிறாள். வாங்கி வைத்துக்கொள். நீ வரும்போது திரும்பக் கொண்டு வர வேண்டாமாம். அங்கேயே இருக்கட்டுமாம்.

உன் நைனா
ராஜவேலு