மேல்பக்கச் சில்லின் தடம்

பெப்ரவரி 9, ஞாயிறு

வாய்க்கால் கட்டுப் பாதையில் ஓரிடத்தில் மட்டும், உழவு மெசின் இழுக்கும் பெட்டியின் வலப்பக்கச் சில்லுக்குச் சரியான தடம் இல்லை. இடப்பக்கச் சில்லு ஆழமாகப் பதிந்து, டயரின் ஒவ்வொரு வரியும் சேற்றில் தெரிந்தது. வலப்பக்கத்தில் யாரோ விரலால் தடவிவிட்டதுபோல மெல்லிய கோடு, அவ்வளவுதான். கொஞ்சத் தூரம் தாண்டியதும் மறுபடி இரண்டும் ஒரேமாதிரி.

நான் பெட்டியில் ஏறாதபடியால்தான் இதைக் கண்டேன். பின்னேரம் வயல் வேலை முடிய, அம்மாவும் மற்றப் பெண்களும் நெல் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டு தம்பலகாமம் றோட்டுக்கு வருவார்கள். சுலோ அக்காவின் புருசன், எங்கள் அத்தான், மெசின் ஓட்டுவார். அந்தக் கதைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருக்க என்னால் ஏலாது. நான் பின்னால் நடந்து வருவேன்.

தை வெள்ளத்தில் அந்த இடத்தில் கட்டின் இடப்பக்கம் கரைந்து வாய்க்காலுக்குள் போய்விட்டது. பாதை சரிந்து கிடக்கிறது. அங்கே வந்ததும் அத்தான் திரும்பாமலே கத்துவார்: "எல்லாரும் மேல்பக்கம் வாங்கோ." பெண்கள் வலப்பக்கம் நகர்ந்து இருப்பார்கள். பாரம் மேல்பக்கம் இருந்தால் பெட்டி வாய்க்காலுக்குள் பிரளாதாம்.

"தவராசா, கலியாண வீட்டிலகூட என்னை ஒருத்தரும் இப்பிடி மேல இருத்தினதில்லை," என்றார் மூட்டை மேலிருந்த குணேஸ்வரி அக்கா.

"நீங்க ஒராள் போதும் அக்கா. மற்றாக்கள் சும்மா," என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு பேர் வலப்பக்கம் இருந்தும் அந்தச் சில்லு ஏன் பதியவில்லை?

பெப்ரவரி 10, திங்கள்

வெறும் பெட்டி போனபோது இரண்டு பக்கமும் நன்றாகப் பதிந்தது. இரண்டு அடுக்கு மூட்டையோடு வந்தபோதும் பரவாயில்லை. மூன்றாம் அடுக்கு ஏற்றி, அதற்கு மேல் ஆட்களும் ஏறியபோதுதான் கோடு மெலிந்தது. அதே பாதை. அதே சரிவு.

அம்மாவிடம், "நாளைக்கு என்னோட நடந்து வாங்கோவன்," என்றேன்.

"நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தவளுக்கு நடையும் வேணுமோ?" பாயை உதறி விரித்துவிட்டார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

அத்தானிடம் இன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

குசினியில் சுளகின் மேல் நெருப்புப்பெட்டியைப் படுக்க வைத்துச் சாய்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது, விழவில்லை. நிமிர்த்தி வைத்துச் சாய்த்தேன். கொஞ்சம் சாய்ந்ததுமே விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். நிற்கும், நிற்கும் — பிறகு ஒரேயடியாக விழும்.

அப்படியென்றால் மூட்டைக்கு மேல் இருக்கிறவர்கள் பெட்டியை இன்னும் உயரமாக்குகிறார்கள். வலப்பக்கம் இருந்தால் மட்டும் போதுமா?

"அரிசி புடைக்கச் சொன்னா நெருப்புப்பெட்டி புடைக்கிறியோ?" என்றாள் சுலோ அக்கா. சுளகைக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 15, சனி

சொல்லிவிட்டேன். சாப்பிடும்போது. பாதிதான் வந்தது.

"அத்தான், அந்த இடத்தில — பெட்டி — கூடச் சரியுது."

"பதினாறு வயசில இருந்து மெசின் ஓடுறன். சரிஞ்சா எனக்கு இருக்கிற சீட்டிலயே தெரியும்." பிறகு அக்காவைப் பார்த்து, "உன்ர தங்கச்சி வாய் திறந்ததே பெரிய விசயம். திறந்து எனக்கு மெசின் பழக்கிறா," என்று சிரித்தார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நாங்கள் இருப்பது அத்தானுடைய வீட்டில் என்பது இருந்தது. தரம் பத்தோடு நான் பள்ளிக்கூடத்தால் நின்றதற்கு எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொல்வார்கள். எழும்பி வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தம் வராது. அதுதான் காரணம். இன்றைக்கும் அதேதான்.

படுத்த பிறகு விளங்கியது. அத்தான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருக்குச் சீட்டில் தெரிவது மெசின் சரிவது. பெட்டி பின்னால் ஓர் ஆணியில் கொழுவிக் கிடக்கிறது. அது சரிவுக்கு வரும்போது மெசின் அந்த இடத்தைத் தாண்டிச் சமத்துக்குப் போய்விடும். அவர் ஒருநாளும் பெட்டிக்குப் பின்னால் நடந்ததில்லை.

இதை ஏன் அங்கேயே சொல்லவில்லை நான்? வெளியே மழை பெய்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நெல் ஏற்ற வந்த கப்பல்துறை லொறி றோட்டில் காத்து நின்றது. மழை திரும்ப வருமுன் முடிக்கவேண்டும் என்று அத்தான் நான்கு அடுக்கு ஏற்றி, நனையாமல் படங்கு போட்டு மூடினார். பெண்கள் ஏறினார்கள். அம்மாவும்.

"மேல்பக்கம் வாங்கோ."

நான் சில்லையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சில்லுக்கும் சேற்றுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றேன். மெசின் சத்தத்தில் அத்தானுக்குக் கேட்கவில்லை. குணேஸ்வரி அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் மெசின் நின்றது.

அம்மா பயந்துபோய் இறங்கக் காலைத் தூக்கிப் போட்டார். வலப்பக்கம். பெட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தப் பக்கத்துப் பாரம்தான். அது இறங்கினால் மிச்சம் எல்லாம் வாய்க்காலுக்குள்.

"இறங்காதேங்கோ! ஒருத்தரும் இறங்காதேங்கோ. இறங்கினாப் பிரளும்."

அது என் சத்தம்தானா? அம்மாவின் கால் அந்தரத்தில் நின்றது.

ஏசுவதற்கு வாயைத் திறந்துகொண்டு வந்த அத்தான் குனிந்து பார்த்தார். சில்லுக்கு அடியில் கையை விட்டார். கை முழுதும் போனது. சீட்டுக்குக் கீழே கிடந்த கயிற்றை எடுத்து, பெட்டியின் மேல்பக்கக் கம்பியில் ஒரு முனையையும், வயல் பக்கத்து மருதமரத்தில் மறுமுனையையும் இறுக்கிக் கட்டினார்.

"ஒவ்வொராளா. மெதுவா. மாமி, நீங்க முதல்ல."

அம்மா இறங்கினார். ஒவ்வொருவர் இறங்கவும் கயிறு இன்னும் கொஞ்சம் விறைத்தது. கடைசியில் குணேஸ்வரி அக்கா மட்டும் இருந்தார்.

"நான் ஒராள் போதுமெண்டு சொன்னனியெல்லோ, தவராசா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நிலத்தில் கால் வைத்ததும் சில்லு ஒரு சாண் மேலே கிளம்பியது. கயிறு மரப்பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போய், நின்றது.

பின்பக்கத்தால் மேல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து இறக்கினோம். சில்லு திரும்ப மண்ணில் வந்து இருந்தபோது மழை தொடங்கிவிட்டது. நெல் நனைந்தது. லொறி போய்விட்டது.

அம்மா இன்று எனக்குப் பக்கத்தில் பாயைப் போட்டிருக்கிறார்.

பெப்ரவரி 17, திங்கள்

இரண்டு அடுக்குத்தான். சரிவுக்கு முன்னாலேயே மெசின் நின்றது. சொல்லாமலே பெண்கள் இறங்கி நடந்தார்கள். அத்தான் சீட்டில் இருந்தபடி திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் வலப்பக்கச் சில்லுக்குப் பின்னால் குந்தினேன். "போங்கோ" என்றேன். மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.