சிங்கத்தின் வால்

யான்பு, சவூதி
21.6.2025

அன்பு மருமகள் சப்ரீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். பெருநாள் லீவுக்கு நீ வேலை பார்க்கும் டிராவல்ஸ் மூலம் கென்யா போனால் வம்பு வரும் என்று ஏர்போர்ட்டிலேயே சொன்னேன். இப்போது உன் மேனேஜர் போன் போட்டு, "டிரைவர் பாதையை விட்டு வண்டியை இறக்கினாரா?" என்று போலீஸ் மாதிரி கேட்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் பேசி அனுப்பியதை ஆபீஸ் வரை கொண்டுபோன புண்ணியவான் யார்? அதனால்தான் இந்தத் தடவை கையால் எழுதிப் போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். விலங்குப் பூங்காவில் தூரத்தில் ஒரு சிங்கம். டிரைவர் ஒமொண்டியிடம், "யல்லா பாய், பக்கத்துல போ" என்றேன். புல்லுக்குள் இறக்கினான். சிங்கம் நம் கடை ஃப்ரீசர் நீளம். கண்ணாடியை இறக்கி வாலைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தது, பேசாமல் போய்விட்டது. யானைகூட எனக்கு வழிவிட்டது. இதற்கெல்லாம் ஒரு விசாரணையா?

உன் மாமா,
ஹசன் அலி

*

அல் குசைஸ், துபாய்
23.6.2025

மாமாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கொண்டுபோனது நான்தான். பெருமையாக இருந்தது, ஆபீஸில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். மேனேஜர் காதிலும் விழுந்தது. அந்தப் பூங்காவில் பாதையை விட்டு இறங்கிய டிரைவரை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஒமொண்டியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வண்டி இறங்கவே இல்லை என்கிறார் அவர். "சிங்கம் வந்தப்போ என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டால், "அது என் விருந்தாளியோட விஷயம், சொல்லமாட்டேன்" என்கிறாராம். வண்டியில் நீங்கள் இரண்டு பேர்தான். வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மாமா. வண்டி இறங்கியதா இல்லையா, அதை மட்டும் நாளைக்குள் எழுதுங்கள். ஒரு மனிதரின் பிழைப்பு இது. எழுதாவிட்டால் உங்கள் கதை எதையும் இனி நான் கேட்கப்போவதில்லை.

சப்ரீனா

*

யான்பு
24.6.2025

சப்ரீனா,

மாமாவுக்கே மிரட்டலா? இதையும் எதிர்பார்த்தேன். சொந்தக்காரர்களிடம் ஒரு மனுஷன் கொஞ்சம் கூட்டிச் சொன்னால், இன்னொருத்தன் வேலையைப் பிடுங்கிவிடுவார்களா? இது எந்த ஊர் நியாயம்? யானை வழிவிட்டது சத்தியம், அதில் மட்டும் கை வைக்காதே.

மற்றதை எழுதிக்கொள். வண்டி பாதையை விட்டு ஓர் அடி இறங்கவில்லை. சிங்கம்தான் பாதைக்கு வந்தது. நான் சீட்டுக்குக் கீழே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன். அது போகும்வரை ஒமொண்டி என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். எழுந்தபோது, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினான். வேலை போகிற நேரத்திலும் சொல்லவில்லை பார்.

இதை மேனேஜரிடம் கொடு. குடும்ப குரூப்பிலும் போடு, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நான் சிங்கத்தைப் பார்க்கவே இல்லை.

ஹசன் அலி