பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

அன்புள்ள மகளுக்கு,

நேற்று டிவியில் நீ நடிக்கும் மருத்துவமனைத் தொடரைப் பக்கத்து வீட்டுக்காரரோடு அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வருடமாக டாக்டருக்குப் பின்னால் மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸுக்கே நேற்று முழுக் கதையும். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளை திடீரென்று எழுந்து சரியான விடை சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்குமே, அப்படி இருந்தது. இறந்த நோயாளிக்கு நீ தலை சீவிவிட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், அந்த நர்ஸ் அப்படியே உங்க பொண்ணு மாதிரி இல்ல?"

"அவ வெளியூர்ல பேங்க்ல இருக்கா," என்றேன். நீ நடிக்கப் போன நாளிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவரும் அதே பொய்.

கடைசியில் பெயர்கள் ஓடின. உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியல். இந்தப் பக்கமே வராதே என்றவனின் எழுத்தை நீ இன்னும் விடவில்லை. அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

நாளைக் காலையில் அவரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். சொன்ன பிறகுதான் உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரும். அதனால் அதற்குப் பிறகே இதைத் தபாலில் போடுவேன். இது உன் கையில் இருந்தால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

வாம்மா.

உன் அப்பா