என் பெயரில் ஒரு கிண்ணம்

என் ஒரே மகனுக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கிருசாந்தி எழுதுகிறாள்.

போன வருசம் லீக்கை வென்ற சரவணை அணிக்கும் கிண்ணத்தை வென்ற காரைநகர் அணிக்கும் இந்த வருசத்தின் முதல் உதைபந்தாட்டம் ஞாயிறு நடந்தது. வெல்பவர்களுக்கு நீ கனடாவிலிருந்து என் பெயரில் கொடுத்த கிண்ணம். பதாகையில் என் படத்தைக் கண்டு பெருமையோடு முன் கதிரையில் இருந்தேன். ஆட்டம் தொடங்கமுன் எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செய்தார்கள். நானும் தலை குனிந்து நின்றேன்.

“ஆரடாப்பா செத்தது?” என்று பக்கத்தில் நின்ற குலசிங்கத்திடம் கேட்டேன்.

“நீங்கள்தான் அண்ணை. பதாகையில அமரர் எண்டு கிடக்கு.”

ஆட்டத்தை நடத்திய கழகத்தின் செயலாளரைப் பிடித்தேன்.

“கிண்ணம் எண்டால் செத்த ஆக்களின்ர பேரிலதானே ஐயா குடுக்கிறவை. மகனுக்கும் பதாகையை அனுப்பிக் காட்டினனாங்கள். நல்லா இருக்கு எண்டவர்.”

கழகப் பெடியளில் எனக்குக் கோபமில்லை. நீ பார்த்தாய். பார்த்துத்தான் நல்லா இருக்கு என்றாய்.

உன் அம்மாவின் செத்தவீட்டுக்கும் நீ வரவில்லை, அவள் பெயரில் ஒரு கிண்ணம்தான் வந்தது. பொறுத்தேன். அவள் செத்திருந்தாள்.

வென்ற சரவணைக்கு என் கிண்ணத்தை நானே கொடுத்தேன். எனக்குக் கொள்ளியையும் நானே வைக்க ஏலாது.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அப்பா