மூன்றாம் கோப்பையில் சொன்ன சொல்

ஏப்ரல் 23, 2006. ஞாயிறு

மழையும் பனியும் கலந்து. முழங்கால் வலி. சால்த்துவோடு ஒரோமோ ஆராதனைக்குப் போனேன். சால்த்து எத்தியோப்பியாப் பிள்ளை, ஒரோமோ இனம், லாசாலில் எங்கள் எதிர்வீடு. அவர்கள் லூத்தரன் சபை, நான் வேறு சபை. எங்கள் தமிழ்ச் சபையை 99-இல் தலைமுழுகியாயிற்று. அறுப்புப் பண்டிகைக்கு நான் கொண்டுபோன பயற்றம் பணியாரத்தை மேசைக்குக் கீழே வைத்தவர்கள். மறக்கவில்லை.

இங்கே பாஷை விளங்காது. பாட்டு விளங்கும்.

இன்றைக்கும் பேஸ்மென்ட்தான். தொண்ணூறு பேர். பாதிப் பேர் கொதிகலனோடு ஒட்டி நின்றபடி. ஈஸ்டர் முடிய மேலே பெரிய கோவிலில் பதினொரு மணி ஆராதனை தருவதாகப் பேச்சு. கட்டிடத்துக்குச் சொந்தமான பிரெஞ்சுச் சபையின் கமிட்டித் தலைவி, நாங்கள் மதாம் என்கிற அம்மா, இறங்கி வந்து அப்படி ஒரு பேச்சே இல்லை என்றாளாம். பேஸ்மென்டும் ஜூலையோடு சரியாம். இவர்களுக்கு இது நாலாவது இடம். சால்த்துவின் கண் கலங்கிப் போயிற்று.

மதாம் சொல்வது பொய். தருவதாகத்தான் சொன்னாள். நான் இருந்தேன்.

ஏப்ரல் 24. திங்கள்

வெயில். உடுப்புத் தோய்த்தது. சால்த்துவின் சபை மூப்பர் தொலாசா வந்திருந்தார். மதாமிடம் கடுதாசி வாங்கவில்லையா என்று கேட்டேன். தலை குனிந்தார். சால்த்து தன் அரை இங்கிலீஷில் சொன்னது: கொட்டை வறுத்து, இடித்து, மதாமுக்கு மூன்று சுற்றுக் கோப்பி கொடுத்தார்கள். மூன்றாம் கோப்பையோடு சொன்ன சொல்லுக்குக் கையெழுத்துக் கேட்டால் அவமரியாதையாம்.

நல்ல மனிதர். மொக்கு மனிதர்.

பெட்டியைக் கிளறினேன். பழைய டயறி. ஒக்டோபர் 16. மதாம் சொன்னது இருக்கிறது!

ஆனால் அதைப் பிரெஞ்சில் சொல்ல மருமகள் சாந்தியை விட்டால் ஆளில்லை. அவளைத் திட்டி எழுதியதும் அதே பக்கத்தில்.

ஏப்ரல் 26. புதன்

டயறியைச் சாந்தியிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு பக்கம் மட்டும் என்றேன்.

"உங்கட மற்றப் பக்கங்களில எனக்கு என்ன வேலை, மாமி?"

எனக்குத் தெரியாதா இவளை.

ஏப்ரல் 29. சனி

கமிட்டிக் கூட்டம். தொலாசா கோட்டுச் சூட்டில். எதிரே மதாம். சாந்தி எழும்பிப் பிரெஞ்சில் வாசித்தாள். ஒக்டோபரில் நான் எழுதியது இது:

"மதாம் கீழே வந்தாள். பச்சைக் கோட்டு, நடுப் பொத்தான் இல்லை. மூக்கு நீளம், வாய் அதைவிட நீளம். மூன்று கோப்பை குடித்தாள். மூன்றாவதில், ஈஸ்டருக்குப் பிறகு மேலே பதினொரு மணி உங்களுக்குத்தான் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். சால்த்து எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். அந்த நேரம் மேல் குழாய் ஒழுகி மதாமின் சப்பாத்தில் சொட்டியது."

மூக்கை விட்டுவிட்டு வாசி என்று முன்னமே சொல்லியிருந்தேன். விடவில்லை. தன் மூக்கைத் தொட்டே காட்டினாள்!

மதாமின் முகம் சிவப்பு. குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். சாந்தி எனக்குத் தமிழில் சொன்னாள்:

"அந்தச் சப்பாத்து பழுதாப் போச்சாம், மாமி. தான் அண்டைக்கு வாக்குக் குடுத்தது உண்மைதானாம்."

வாக்கெடுப்பில் தூக்கிய முதல் கை மதாமுடையது. பிறகு எல்லாக் கையும். மே 7 முதல் மேலே. இம்முறை கையெழுத்தோடு. தொலாசாவே பேனையை நீட்டினார். சால்த்து போட்ட குலவையில் யன்னல் அதிர்ந்தது.

காருக்குள் சாந்தி: "நான் வைக்கிற சொதி கழுநீரோ?"

"ஓம். அண்டைக்கு."

"ஒவ்வொரு நாளும் எண்டு எழுதிக் கிடக்கு."

பொல்லாதவள். நன்றாக வாசித்தாள்.

மே 7. ஞாயிறு

வெயில். முழங்கால் வலி இல்லை. மேலே ஏறினோம். படி பதினாறு. மேளம், வெள்ளை உடுப்பு, கைதட்டு. உட்காரும் வாங்கெல்லாம் நிரம்பிவிட்டது. எனக்கு முதல் வரிசை. பயற்றம் பணியாரம் ஐம்பது சுட்டேன். சால்த்து மேசைக்கு நட்ட நடுவில் வைத்தாள். தமிழ்ச் சபைக்காரர் பார்க்க வேண்டும். மதாம் மூன்று சாப்பிட்டாள். பொத்தான் தைத்திருந்தது.

பிறகு கோப்பி. மூன்றாம் கோப்பையை வாங்கிக்கொண்டு சாந்தி சொன்னாள்:

"இனி சொதிக்கு உப்புப் பாத்துப் போடுறன், மாமி."

எழுதிவிட்டேன். தேதி மேலே இருக்கிறது.